தளபதி லாலியின் வீழ்ச்சி

வந்தவாசிப் போர் என்றதும், 1760-ல் அயர்கூட் வென்றார், லாலி தோற்றார் என்று ஒரே வரியில் விடை எழுதிவிடுகிறோம். தேர்வுக்கு அது போதும். ஆனால் தோற்ற அந்தத் தளபதியின் கதி என்னவாயிற்று என்பதையும் நாம் அறிய வேண்டாமா?

லாலி 1702-ல் பிரான்சு நாட்டில் பிறந்தார். அவருடைய தந்தை அயர்லாந்திலிருந்து வந்து பிரெஞ்சுப் படையில் சேர்ந்தவர். 1745-ல் நடந்த ஃபோன்டனாய்ப் போரில் லாலி பெரும் புகழ் பெற்றார். 1758 ஏப்ரலில் புதுச்சேரிக்கு வந்தவர், ஜூன் மாதத்திலேயே கடலூரை அடுத்த புனித டேவிட் கோட்டையைக் கைப்பற்றினார்.

அஞ்சா நெஞ்சம் படைத்த அவரிடம் இன்சொல் மட்டும் இல்லை. வண்டி மாடுகள் கிடைக்காதபோது ஊர் மக்களையே வலுக்கட்டாயமாகச் சுமை இழுக்கச் செய்தார். புதுச்சேரி அதிகாரிகளை ஊழல்காரர்கள் என்று ஏசினார். தக்காணத்தில் செல்வாக்குடன் இருந்த புஸ்ஸியைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அதனால் அப்பகுதியில் பிரெஞ்சுக்காரர்களின் பிடி தளர்ந்தது.

அதே ஆண்டு டிசம்பரில் அவர் நம் சென்னையை முற்றுகையிட்டார். இன்று தலைமைச் செயலகம் உள்ள புனித ஜார்ஜ் கோட்டையே அவர் குறி. கான்சாகிப் எனப்படும் யூசுப்கானின் சிப்பாய்கள், பிரெஞ்சுப் படைக்கு வந்த உணவுப் பொருள்களை வழியிலேயே மறித்தனர். 1759 பிப்ரவரியில் ஆங்கிலேயக் கப்பல்கள் வந்து சேரவே, லாலி முற்றுகையைக் கைவிட்டார். பணமும் தீர்ந்தது. சம்பளம் கிடைக்காத வீரர்கள் கலகம் செய்தனர். 1760 ஜனவரி 22-ல் வந்தவாசியில் தோற்றார். ஓராண்டுக்குள், பட்டினியால் வாடிய புதுச்சேரியும் 1761 ஜனவரியில் சரணடைந்தது.

கைதியாக இங்கிலாந்து சென்ற லாலி, தம்மைத் துரோகி என்று பிரான்சில் தூற்றுவதை அறிந்தார். களங்கத்தைத் துடைக்க அனுமதி பெற்றுத் தாமாகவே தாய்நாடு திரும்பினார். கிடைத்ததோ பாஸ்டில் சிறை! முன்பு அவர் ஏசிய அதிகாரிகள் இப்போது அவருக்கு எதிராகத் திரண்டனர். 1766 மே 9-ல், பேச முடியாதபடி வாயைக் கட்டி, பாரிசில் அவர் தலையை வெட்டினர்.

அவருடைய மகனும் அறிஞர் வால்டேரும் நீதி கேட்டுப் போராடினர். 1778-ல் அத்தீர்ப்பு ரத்தாயிற்று. ஆனால் போன உயிர் திரும்புமா?

லாலி கடுஞ்சொல்லர், பல தவறுகள் செய்தவர். ஆயினும் துரோகி அல்லர். தோல்வி வேறு, துரோகம் வேறு. தோற்றவர் மீது பழி முழுவதையும் சுமத்துவது எளிது. உண்மையை ஆராய்ந்து நீதி வழங்குவதே அரிது. நாம் அந்த அரிய வழியைத் தேர்ந்துகொள்வோமாக!