மந்திரப் பாறையும் மழைச் சுனைகளும்

ஹூஸ்டன் அன்பர்கள் நீண்ட வார விடுமுறை கிடைத்தால் காரை மேற்கே திருப்பி, ஆஸ்டினைத் தாண்டியுள்ள குன்றுப் பிரதேசத்திற்குச் சென்று வருவதுண்டு. அங்கே பிரெடெரிக்ஸ்பர்க் என்னும் ஊருக்கு வடக்கே சுமார் 18 மைல் போனால், ஓக் மரங்களுக்கு மேலே இளஞ்சிவப்பாக ஒரு மொட்டைப் பாறை எழுந்து நிற்கும். திருச்சிக்காரர் எவராவது காரில் இருந்தால், "நம் மலைக்கோட்டை மாதிரி அல்லவா இருக்கிறது!" என்று சொல்லாமல் இருக்கமாட்டார். உயரத்தில் இது மலைக்கோட்டையை விஞ்சிவிடும். தரையிலிருந்து 425 அடி. கடல் மட்டத்திலிருந்து 1,825 அடி. பெயர் என்சான்டட் ராக், அதாவது மந்திரப் பாறை.

பெயருக்குக் காரணம் உண்டு. டாங்கவா என்னும் பூர்வகுடி மக்கள், இரவில் இப்பாறையின்மேல் ஆவிகளின் தீ மினுக்குவதாக நம்பினார்கள். பாறை முனகும் ஓசையும் கேட்குமாம். பகல் வெயிலில் சூடேறி விரிந்த கல், இரவுக் குளிரில் சுருங்கும்போது எழும் ஓசை அது என்று இன்று விளக்கம் கூறுகிறார்கள்.

நூறு கோடி ஆண்டுகளுக்குச் சற்று முன்பு, பூமிக்குள் மைல்கணக்கான ஆழத்தில் உருகிய குழம்பு மெல்லக் குளிர்ந்து இறுகியதே இந்தக் கல். நிறம் சிவப்பானாலும் நாம் கருங்கல் என்று சொல்லும் இனம்தான். ஆஸ்டினில் 1888-ல் கட்டி முடிக்கப்பட்ட மாநில சட்டசபைக் கட்டிடத்தின் சிவப்புக் கல்லும் இதே வகை. அது மார்பிள் பால்ஸ் என்ற ஊரின் குன்றிலிருந்து வெட்டி எடுக்கப்பட்டது.

மேலே மூடியிருந்த பாறைகளையெல்லாம் மழையும் காற்றும் கோடிக்கணக்கான ஆண்டுகளில் கரைத்துவிட்டன. அத்தனை பாரமும் இறங்கியதும், அடியில் அமுங்கிக் கிடந்த கருங்கல் சற்றே விரிந்தது. விரிந்த வேகத்தில், மேற்பரப்புக்கு இணையாக, வெங்காயச் சருகு போல ஏடு ஏடாகப் பிளந்தது. நம் நாட்டுக் கல்லுடைப்போர் இந்த இரகசியத்தை நன்கு அறிந்தவர்கள். பாறைமேல் விறகுத் தீ மூட்டி, சூட்டினால் மேலேடு பிரிந்து எழும்பும்படி செய்து, பெரிய பலகைகளாகக் கல் எடுப்பது தென்னிந்தியாவின் பழைய முறை. அவர்கள் தீயினால் செய்வதை இங்கே இயற்கை நிதானமாகச் செய்கிறது. பிரிந்த ஏடுகள் சரிவில் வழுக்கி, உடைந்து, அடிவாரத்தில் குவிந்து கிடப்பதைக் காணலாம். பாறை உரிந்துகொண்டேதான் இருக்கிறது.

ஆனால் உச்சிக்கு ஏறுவோர் காலடியில் கவனிக்க வேண்டியது வேறொன்று. பாறையின்மேல் ஆங்காங்கே தட்டுப்போலவும் தொட்டிபோலவும் பள்ளங்கள் உள்ளன. சிறு குழியில் மழைநீர் தேங்குகிறது. அந்த நீரில் உள்ள மெல்லிய அமிலம் கல்லின் ஒரு பகுதியைக் களிமண்ணாக்குகிறது, குழி அகலமாகிறது. பாறைப்பாசி, பிறகு கைப்பிடி மண், பிறகு புல் என்று மெல்ல மெல்லச் சேர்ந்து, சில பள்ளங்களில் ஓக் மரமே வேர் பிடித்து நிற்கிறது. ஒரு மொட்டைப் பாறை தோட்டமாக மாறும் எல்லாக் கட்டங்களையும் ஒரே சரிவில் பார்க்கலாம். இதற்கு ஆயிரக்கணக்கான ஆண்டுகள் பிடித்திருக்கின்றன.

நம் ஊர் மலைகளில் இத்தகைய நீர்நிலையைச் சுனை என்போம். இந்தச் சுனைகளில் ஓடில்லாத, கண்ணாடி போன்ற சிற்றிறால்கள் மல்லாந்தபடி நீந்துகின்றன. நீர் வற்றுமுன் சில வாரங்களில் அவற்றின் வாழ்வு முடிந்துவிடும். அவை இட்ட முட்டைகள் மட்டும் காய்ந்த மண்ணில், வெயிலையும் பனியையும் தாங்கி, அடுத்த மழைக்காகக் காத்துக் கிடக்கின்றன. மத்திய டெக்ஸாஸின் கருங்கல் பாறைகளைத் தவிர வேறெங்கும் வளராத ஒரு சிறு நீர்ச்செடியும் இங்கே உண்டு.

தொல்லை என்னவென்றால், கோடையில் இச்சுனை வெறும் சரளைமண் குழியாகத் தோன்றும். குழந்தைகள் அதில் குதிப்பார்கள். பெரியவர்கள் ஜமக்காளம் விரித்துப் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரிப்பார்கள். கெட்ட எண்ணம் யாருக்கும் இல்லை. ஆயினும் காலடியில் மண் இறுகுகிறது, வேர் அறுகிறது, முட்டைகள் நசுங்குகின்றன. வேர் போனால் அடுத்த பெருமழை அந்த மண்ணைச் சரிவில் அடித்துக்கொண்டு போய்விடும். ஆண்டுதோறும் லட்சக்கணக்கானோர் வரும் இடத்தில் இது சிறிய சேதமன்று.

1978-ல் தனியார் பண்ணையாக இருந்த இந்நிலத்தை நேச்சர் கன்சர்வன்சி என்ற அமைப்பு வாங்கியது. 1984 மார்ச்சில் மாநில இயற்கைப் பாதுகாப்புப் பகுதியாகத் திறக்கப்பட்டது. சாதாரணப் பூங்காவைப் போலன்றி, இங்கே பாதுகாப்பு முதலில், பொழுதுபோக்கு பிறகு. சுனையில், நீர் இருந்தாலும் இல்லாவிட்டாலும், கால் வைக்கக்கூடாது; நாய்களை உச்சிக்கு அழைத்துச் செல்லக்கூடாது; ஒரு கல்லைக்கூட நினைவுக்கென்று எடுத்துவரக்கூடாது.

இடம் நிரம்பியதும் வாயிலை மூடிவிடுகிறார்கள். விடுமுறை நாட்களில் இது அடிக்கடி நிகழ்வதால் முன்பதிவு செய்துகொண்டு செல்வது நலம். பாறையின்மேல் நிழலோ குடிநீரோ கிடையாது. சிற்றுண்டியை அடிவாரத்து ஓக் நிழலில் முடித்துக்கொண்டு ஏறலாம்.