படம் வராத கம்ப்யூட்டர்

பெங்களூர் டவுன் ஹாலுக்குப் பக்கத்தில் ஒரு தெரு இருக்கிறது. சதர் பத்ரப்பா ரோடு என்பது அதன் முழுப் பெயர். அந்தப் பெயரை யாரும் சொல்வதில்லை. எஸ்.பி. ரோடு என்றால்தான் ஆட்டோக்காரருக்குத் தெரியும்.

கே.ஆர். மார்க்கெட்டில் பூவும் காயும் குவிந்து கிடக்கும். அங்கிருந்து கொஞ்ச தூரம் நடந்தால் எஸ்.பி. ரோடு. இங்கே குவிந்து கிடப்பது வயர், விசிறி, கீ போர்டு, மானிட்டர். புதியதும் உண்டு. பழையதும் உண்டு. கம்ப்யூட்டருக்கு என்ன சாமான் வேண்டுமானாலும் பெங்களூர்க்காரர்கள் முதலில் இந்தத் தெருவைத்தான் நினைப்பார்கள்.

இங்கே அதிகம் விற்கும் சாமான்களில் ஒன்று கிராபிக்ஸ் கார்டு. அது என்ன?

நாம் புள்ளி வைத்துக் கோலம் போடுகிறோம். கம்ப்யூட்டர் திரையில் தெரியும் படமும் புள்ளிகளால் ஆனதுதான். குறுக்கே 1920 புள்ளிகள். மேலிருந்து கீழே 1080 புள்ளிகள். பெருக்கிப் பாருங்கள். 20 லட்சத்துக்கும் அதிகம் வரும். இந்தக் கோலத்தை ஒரு வினாடிக்குள் 60 முறை அழித்து அழித்துப் போட வேண்டும். அப்போதுதான் படம் அசையும். அதாவது வினாடிக்கு 12 கோடிப் புள்ளிகளுக்கு மேல். இந்த வேலையைச் செய்யும் பலகைதான் கிராபிக்ஸ் கார்டு.

சாதாரண வேலைக்கு இது தனியாக வேண்டியதில்லை. கடிதம் அடிக்க, கணக்குப் போட, படம் பார்க்க, கம்ப்யூட்டருக்குள்ளேயே இருக்கும் வசதி போதும். கல்யாண வீடியோவை வெட்டி ஒட்டுவது, பெரிய பேனர் வரைவது, விளையாட்டு ஆடுவது போன்ற வேலைகளுக்குத்தான் தனிக் கார்டு தேவைப்படும்.

ஸ்ரீராமபுரத்தில் ஒரு குடும்பம் இருப்பதாக வைத்துக்கொள்வோம். அம்மா பூ கட்டி விற்கிறார். மகன் ஸ்டூடியோக்காரர்களுக்குக் கல்யாண வீடியோ வெட்டிக் கொடுக்கிறான். அவனிடம் இருப்பது ஏதோ ஆபீஸில் கழித்துவிட்ட பழைய கம்ப்யூட்டர். ஒரு வீடியோ முடிய ராத்திரி முழுக்க ஆகிறது. அம்மா சீட்டுப் பணத்தை எடுத்துக் கொடுக்கிறார். மகன் புதுக் கார்டு வாங்கி வந்து மாட்டுகிறான். சுவிட்சைப் போடுகிறான். உள்ளே விசிறி சுற்றுகிறது. திரை மட்டும் கருப்பாக இருக்கிறது.

“அம்மா, கார்டு போச்சு” என்கிறான்.

போகவில்லை. பெரும்பாலும் கார்டு நன்றாகத்தான் இருக்கும். கோளாறு வேறு இடத்தில் இருக்கும். எங்கே என்று பார்ப்போம்.

முதலில் மானிட்டர் வயரைப் பார்க்க வேண்டும். பெட்டியின் பின்பக்கம் படம் வரும் துளைகள் இரண்டு இடத்தில் இருக்கும். மேலே இருப்பது பழைய துளை. கீழே இருப்பது புதுக் கார்டின் துளை. புதுக் கார்டை மாட்டியதும் பல கம்ப்யூட்டர்களில் பழைய துளை தானாகவே வேலையை நிறுத்திவிடும். பழக்க தோஷத்தில் வயரைப் பழைய துளையிலேயே செருகினால் படம் வராது. சிரிப்பாக இருக்கலாம். கடைக்குத் திரும்பி வரும் நல்ல கார்டுகளின் கதை பல நேரம் இதுதான்.

புதுக் கார்டில் பழைய வயர் பொருந்தாமலும் போகலாம். பழைய மானிட்டரின் வயர் முனையில் 15 ஊசிகள் இருக்கும். நீல நிறமாக இருக்கும். வி.ஜி.ஏ. என்று பெயர். புதிய கார்டுகளில் இந்தத் துளை இல்லை. எச்.டி.எம்.ஐ. அல்லது டிஸ்பிளே போர்ட்தான் இருக்கும். இடையில் ஒரு கன்வர்ட்டர் மாட்ட வேண்டும். வெறும் முனையை மட்டும் மாற்றும் மலிவான துண்டு இதற்கு உதவாது. பழைய மானிட்டருக்குப் புரிகிற வேறு வகை மின் சைகையாகப் படத்தை மாற்ற வேண்டும். அதற்கு உள்ளே சின்ன சில்லு வைத்த கன்வர்ட்டர்தான் வேண்டும்.

வயர் சரியாக இருக்கிறது. அப்போதும் படம் இல்லை. இனிப் பெட்டியைத் திறக்க வேண்டும்.

திறக்கும் முன் சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. பிளக்கைப் பிடுங்கிவிட வேண்டும். பிறகு கம்ப்யூட்டரின் பொத்தானைச் சில வினாடி அழுத்திப் பிடிக்க வேண்டும். உள்ளே மிச்சம் இருக்கும் மின்சாரம் வடியும். பெட்டியின் இரும்பை ஒரு முறை தொட வேண்டும். நம் உடம்பில் இருக்கும் நிலை மின்சாரம் அதில் இறங்கிவிடும். அந்த மின்சாரம் நமக்குத் தெரியாது. ஆனால் சில்லைக் கெடுத்துவிடும்.

உள்ளே எஸ்.எம்.பி.எஸ். என்று ஓர் இரும்புப் பெட்டி இருக்கும். வீட்டு மின்சாரத்தைக் கம்ப்யூட்டருக்கு ஏற்றபடி குறைத்துக் கொடுப்பது அதுதான். அந்தப் பெட்டியை மட்டும் யாரும் திறக்கக் கூடாது. பிளக்கைப் பிடுங்கிய பிறகும் அதனுள் ஆளைக் கொல்லும் அளவு மின்சாரம் தேங்கி நிற்கலாம்.

இப்போது கார்டைக் கழற்றிப் பார்க்கலாம். ஸ்லாட்டின் ஓரத்தில் ஒரு கொக்கி இருக்கும். அதை அழுத்தினால்தான் கார்டு வெளியே வரும். கார்டின் அடிப்பகுதியில் தங்க நிறப் பற்கள் வரிசையாக இருக்கும். அவற்றைப் பென்சில் ரப்பரால் மெதுவாகத் தேய்த்துத் தூசியை ஊதிவிட வேண்டும். பிறகு நேராக வைத்து அழுத்த வேண்டும். கொக்கி ‘கிளிக்’ என்று விழ வேண்டும். பாதி உட்கார்ந்த கார்டு வேலை செய்யாது. ராம் பலகையையும் இதேபோல் எடுத்து மாட்டுவது நல்லது. கார்டை அழுத்தும்போது அது அசைந்திருக்கலாம்.

மீண்டும் சுவிட்சைப் போடும்போது காதைக் கொடுத்துக் கேட்க வேண்டும். சில கம்ப்யூட்டர்கள் ‘பீப்’ என்று கத்தும். அது ஒரு பாஷை. அவார்டு என்ற வகையில் ஒரு நீண்ட சத்தமும் இரண்டு குட்டைச் சத்தமும் வந்தால், படம் காட்டும் பகுதியில் கோளாறு என்று பொருள். மற்றக் கம்பெனிகளின் கணக்கு வேறு. மதர்போர்டின் புத்தகத்தில் அது அச்சாகியிருக்கும்.

இனி வருவதுதான் முக்கியமானது. அது சாப்பாட்டுக் கணக்கு.

கார்டுக்கு மின்சாரம் வேண்டும். ஸ்லாட் வழியாக அதிகபட்சம் 75 வாட் கிடைக்கும். சின்னக் கார்டுக்கு இது போதும். பெரிய கார்டுக்குப் போதாது. அதற்குத் தனி வயர் போக வேண்டும். 6 ஊசி வயர் 75 வாட் கொடுக்கும். 8 ஊசி வயர் 150 வாட் கொடுக்கும். கார்டின் மேல் இந்தத் துளை இருந்தும் வயர் மாட்டாமல் விட்டால் படம் வராது.

எஸ்.எம்.பி.எஸ். எவ்வளவு கொடுக்கும்? அதன் மேல் ஒட்டியிருக்கும் தாளைப் படிக்க வேண்டும். சில மலிவுப் பெட்டிகளில் 450 என்று பெரிதாக அச்சிட்டிருப்பார்கள். அதை நம்பக் கூடாது. கீழே சின்ன எழுத்தில் 12 வோல்ட் என்ற இடத்தைப் பார்க்க வேண்டும். அங்கே 16 ஆம்பியர் என்று இருந்தால், 12 பெருக்கல் 16. மொத்தம் 192 வாட். கார்டுக்கும் புராசஸருக்கும் சேர்த்து அவ்வளவுதான்.

பற்றாக்குறை உடனே தெரியாது. படம் வரும். எல்லாம் சரியாக ஓடும். வீடியோ வேலை தொடங்கியதும் கார்டுக்குப் பசி கூடும். அப்போது பொட்டென்று கம்ப்யூட்டர் அணைந்துவிடும். இதைப் பார்த்துக் கார்டைக் குறை சொல்வார்கள். கார்டு என்ன செய்யும்?

ஆபீஸ்களில் இருந்து வரும் பழைய கம்ப்யூட்டர்களில் இன்னொரு சிக்கல். சிலவற்றில் எஸ்.எம்.பி.எஸ்.ஸின் அளவும் பிளக்கும் தனி மாதிரி. கடையில் கிடைக்கும் சாதாரணப் பெட்டி அதில் பொருந்தாது. ஒல்லியான பெட்டியாக இருந்தால் உயரமான கார்டும் உள்ளே போகாது. ஸ்ரீராமபுரத்துப் பையன் போன்றவர்களுக்குத் தனி வயர் கேட்காத குட்டைக் கார்டுதான் ஏற்றது.

ஸ்லாட்டுக்கும் ஒரு கதை உண்டு. 1997 முதல் சில வருடங்கள் ஏ.ஜி.பி. என்ற ஸ்லாட் இருந்தது. 2004-ல் பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் வந்தது. ஏ.ஜி.பி. ஸ்லாட்டில் இன்றைய கார்டு நுழையவே நுழையாது. பி.சி.ஐ. எக்ஸ்பிரஸ் ஸ்லாட் பழையதாக இருந்தாலும் புதுக் கார்டு பொருந்தும். வேகம் கொஞ்சம் குறையலாம்.

பொருந்தினாலும் சில பழைய மதர்போர்டுகள் புதுக் கார்டை அடையாளம் கண்டுகொள்வதில்லை. கம்ப்யூட்டரை எழுப்பிவிடும் பயோஸ் என்ற சின்ன நிரல் பழையதாக இருப்பதே காரணம். ரூபாய் நாணயம் போன்ற பேட்டரியைச் சில நிமிடம் கழற்றி மாட்டினால் பயோஸ் தன் பழைய அமைப்புக்குத் திரும்பும். சில நேரம் அதுவே போதும். இல்லையென்றால் மதர்போர்டு கம்பெனி கொடுக்கும் புதிய பயோஸை ஏற்ற வேண்டும். ஏற்றும்போது கரண்ட் போனால் மதர்போர்டே படுத்துவிடும். யு.பி.எஸ். இல்லாத வீட்டில் இந்த வேலையில் இறங்கக் கூடாது.

படம் வந்து, எழுத்து மட்டும் பெரிது பெரிதாகத் தெரிந்தால் பயம் வேண்டாம். டிரைவர் ஏற்றவில்லை, அவ்வளவுதான். ஆனால் கம்ப்யூட்டரில் விண்டோஸ் 7 இருந்தால் யோசிக்க வேண்டும். 2020 ஜனவரியில் மைக்ரோசாஃப்ட் அதைக் கைவிட்டது. இன்று வரும் புதிய கார்டுகளுக்கு அதில் ஓடும் டிரைவர் கிடைப்பதில்லை.

இத்தனையும் பார்த்தாயிற்று. அப்போதும் கருப்பாகவே இருந்தால்? கார்டை வேறு ஒரு நல்ல கம்ப்யூட்டரில் மாட்டிப் பார்க்க வேண்டும். அங்கேயும் படம் வராவிட்டால்தான் கார்டு பழுது.

பழைய கார்டு வாங்குகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். எத்தீரியம் என்ற டிஜிட்டல் காசை உண்டாக்க இந்தக் கார்டுகளை இரவு பகலாக ஓட்டினார்கள். 2022 செப்டம்பரில் அந்த முறை நின்றது. ஓடி ஓடிக் களைத்த கார்டுகள் விற்பனைக்கு வந்தன. போலிகளும் உண்டு. பழைய கார்டின் உள்நிரலை மாற்றி, புதிய கார்டின் பெயரைப் பதித்துவிடுவார்கள். கம்ப்யூட்டரே ஏமாந்துபோகும். ஜி.பி.யூ. இசட் என்ற இலவச நிரல் 2018 முதல் இப்படிப்பட்ட போலிகளைக் கண்டு சொல்கிறது.

ஆகவே பணம் கொடுக்கும் முன்பே, “அண்ணா, ஒரு தடவை போட்டுக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். கேட்பதில் வெட்கம் இல்லை. ஜி.எஸ்.டி. பில் வாங்க வேண்டும். பில்லில் கார்டின் சீரியல் எண்ணும் உத்தரவாதக் காலமும் எழுதியிருக்கிறதா என்று கடையிலேயே நின்று படித்துப் பார்க்க வேண்டும். கார்டில் உள்ள எண்ணும் பில்லில் உள்ள எண்ணும் ஒன்றாக இருக்க வேண்டும். பழுதான கார்டை மாற்றித் தர மறுத்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணுக்குப் போன் செய்யலாம். பேசும்போது பில் கையில் இருக்கட்டும்.