உங்களுக்குத் தெரியுமா? கொக்கியின் மேல் 20 கிலோ காற்று!

வாடகை வீட்டுக் குளியலறையில் ஆணி அடிக்காமல் துண்டு மாட்ட உதவும் ரப்பர் சக்‌ஷன் கொக்கியில் துளிப் பசையும் கிடையாது. அதைச் சுவரோடு அழுத்திப் பிடித்திருப்பது வெளிக்காற்றுதான். ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மீதும் காற்று சுமார் 1 கிலோ எடைக்குச் சமமாக அழுத்துகிறது. 5 செ.மீ. விட்டமுள்ள கொக்கியின் ரப்பர் கப்பின் மேல் ஏறக்குறைய 20 கிலோ!

• இரண்டு டைல்ஸுக்கு நடுவிலுள்ள சிமென்ட் கோட்டின் மேல் கப்பின் விளிம்பு பட்டால் போச்சு. அந்த இடுக்கில் காற்று நுழைந்து, கொக்கியில் மாட்டிய சோப்பு டப்பா நள்ளிரவில் ‘தடால்’ என்று விழும். சொரசொரப்பான பெயிண்ட் சுவரிலும் நிற்காது. டைல்ஸில் படிந்த சோப்புக் கறையைத் துடைத்துவிட்டு, விளிம்பை லேசாக ஈரமாக்கி அழுத்தினால் பிடிப்பு நீடிக்கும். வீடு காலி செய்யும்போது சுவரில் ஓட்டையும் இருக்காது, அட்வான்ஸிலும் கைவைக்க மாட்டார்கள்.

• போர் தண்ணீர் விட்டுச்செல்லும் வெள்ளை உப்புக்கறையில் பெரும்பகுதி கால்சியம் கார்பனேட். வினிகரில் நனைத்த துணியைக் குழாயில் சுற்றிவைத்தால் இளகிவிடும். மார்பிளும் அதே சேர்மம்தான். அதில் வினிகர் படவே கூடாது.

• ஜன்னலோரப் பழைய பாட்டிலில், வெறும் தண்ணீரிலேயே மணி பிளான்ட் வேர்விடும். வாரம் ஒருமுறை தண்ணீர் மாற்றினால் போதும்.