அழைக்கப்படாத வெற்றி அணி



விளையாட்டு என்றதும் வெற்றிக் கிண்ணமே நம் நினைவுக்கு வரும். ஒரு போட்டியிலும் தோற்காதிருந்தும் எந்தக் கிண்ணமும் பெறாத ஓர் அணியைப் பற்றி இக்கட்டுரை கூறுகின்றது. அது 1951ஆம் ஆண்டின் சன் பிரான்சிஸ்கோ பல்கலைக்கழக உதைபந்தாட்ட அணியாகும்.

அமெரிக்கர் உதைபந்தாட்டம் என அழைப்பது நாம் அறிந்த ஆட்டமன்று. அணிக்குப் பதினொருவர் ஆடும் இவ்வாட்டத்தில், நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் எதிரணியின் எல்லைக் கோட்டைக் கடத்தல் வேண்டும். அவ்வாறு கடந்தால் ஆறு புள்ளிகள் கிடைக்கும். பருவ முடிவில், சிறந்த கல்லூரி அணிகளைத் தெரிந்தெடுத்து, புத்தாண்டை ஒட்டிச் சிறப்புப் போட்டிகளுக்கு அழைப்பர். இவை 'பௌல்' போட்டிகள் எனப்படும். இவற்றால் கல்லூரிக்குப் புகழோடு பெரும் பணமும் கிடைத்தது.

பயிற்சியாளர் ஜோ குஹாரிச்சின் வழிகாட்டலில், சன் பிரான்சிஸ்கோ அணி அப்பருவத்தில் ஆடிய ஒன்பது போட்டிகளிலும் வென்றது. நியூயோர்க் சென்று போர்டம் பல்கலைக்கழகத்தை 32-26 எனவும், பசிபிக் கல்லூரியை 47-14 எனவும், இறுதியாக லொயோலாவை 20-2 எனவும் வென்றது. பந்தேந்தி ஓடுவதில் நாட்டின் கல்லூரி வீரர் அனைவரையும் விஞ்சியவர் அவ்வணியின் ஒலி மற்சன். அப்பருவத்தில் அவர் 1,566 யார் ஓடினார். தடுப்பாட்டத்தில் பேர்ள் ரோலர் தூணாக நின்றார். இவ்விருவரும் கறுப்பினத்தவர். ஏனையோர் வெள்ளையர்.

அக்காலத்தில் அமெரிக்காவின் தென் மாநிலங்களில் பாடசாலை, பேருந்து, உணவகம் யாவற்றிலும் கறுப்பினத்தவரை வேறாக்கி வைப்பதே சட்டமாயிருந்தது. பெரும்பாலான பௌல் போட்டிகளும் அங்கேயே நடைபெற்றன. எனவே அணிக்கு ஒரு நிபந்தனை வந்தது. மற்சனையும் ரோலரையும் விட்டுவிட்டு வருவதாயின் அழைப்புக் கிடைக்கலாம் என்பதே அது. இதனை அவ்வீரர்களே பிற்காலத்தில் கூறியுள்ளனர். எதிர்த்தாடிய அணிகள் வலிமை குறைந்தவை என்ற காரணமும் அந்நாளில் சொல்லப்பட்டது.

கல்லூரியோ பணமுடையில் இருந்தது. பௌல் போட்டியின் வருவாய் அணியையே காப்பாற்றியிருக்கக்கூடும். அவ்வாறிருந்தும் வீரர்கள் இணங்கவில்லை. இருவர் இல்லாமல் எவரும் இல்லை என்பதே அவர்களின் முடிவு. அழைப்பு வரவில்லை. பருவம் முடிந்ததும் பல்கலைக்கழகம் அவ்வணியை நிறுத்திவிட்டது.

இழப்புச் சிறிதன்று. ஆயினும் அவ்வீரர்கள் மறைந்துபோகவில்லை. மற்சன் 1952ஆம் ஆண்டு ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில் 400 மீற்றர் ஓட்டத்தில் வெண்கலமும், அஞ்சலோட்டத்தில் வெள்ளியும் பெற்றார். மற்சன், ஜினோ மார்க்கெட்டி, பொப் சென் கிளேயர் ஆகிய மூவரும் தொழில்முறை உதைபந்தாட்டப் புகழ் மண்டபத்தில் இடம்பெற்றனர். ஒரே கல்லூரி அணியிலிருந்து மூவர் அவ்விடம் எய்தியமை பெருஞ்சிறப்பாகும்.

ரோலரின் வாழ்வோ, ஆசிரியத் தொழில் புரிந்த என் உள்ளத்தை மிகவும் கவர்ந்ததாகும். 1952இல் முழங்காலிற் பட்ட காயம் அவரது ஆட்ட வாழ்வை முடித்தது. அவர் மனந்தளராது சன் பிரான்சிஸ்கோவில் ஆசிரியராகவும் பின்னர் பாடசாலை அதிபராகவும் பணியாற்றினார். 1965இல் தேசிய உதைபந்தாட்டக் கழகத்தின் முதற் கறுப்பின நடுவரானார். முன்பு வரவேண்டாம் எனப்பட்டவர், 1980இல் அந்நாட்டின் மிகப் பெரிய இறுதிப் போட்டியில் நடுவர்களுள் ஒருவராகக் களத்தில் நின்றார்.

பாடசாலைகளில் நிறப் பிரிவினை செல்லாதென அமெரிக்க உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது 1954இல். பொது இடங்களில் அதனைத் தடை செய்த சட்டம் 1964இல் வந்தது. சட்டம் வருமுன்னரே அம்மாணவர் தம் தோழருக்காக நின்றனர் என்பதை நாம் மறத்தலாகாது. 2006இல் அப்பல்கலைக்கழகம் அவ்வணியினருக்குக் கௌரவ கலாநிதிப் பட்டம் வழங்கியது. அதற்கு ஐம்பத்தைந்து ஆண்டுகள் சென்றன.

மாணவர்களே, நீங்களும் பல இனப் பிள்ளைகளோடு ஒரே அணியில் ஆடுகின்றீர்கள். உங்களுள் ஒருவரை அவரது நிறம், மொழி, பிறந்த நாடு காரணமாக விலக்குமாறு என்றேனும் கேட்கப்படலாம். விலக்கப்படுபவர் நீங்களாகவும் இருக்கலாம், உங்கள் நண்பராகவும் இருக்கலாம். அப்பொழுது என்ன விடை கூறுவீர்கள் என்பதை இன்றே பெற்றோருடன் அமர்ந்து சிந்தியுங்கள்.