மலிவான மனை, தூரத்து வீடு: கையெழுத்துப் போடும் முன் கணக்குப் பார்ப்போம்

 

கோட்டாறில் வாடகை வீட்டில் இருக்கும் ஒரு சகோதரர் அஸர் தொழுகை முடிந்ததும் நம்மிடம் வந்தார். வளைகுடாவில் உழைத்துச் சேர்த்த கொஞ்சம் பணம் கையில் இருக்கிறது. "உஸ்தாத், இந்தக் காசுக்கு நாகர்கோவிலில் மனை மட்டும்தான் கிடைக்கும், வீடு கட்ட மிச்சம் இருக்காது. அருமனைப் பக்கம் ஒரு விளையில் மனை வாங்கி, சின்னதா வீடும் கட்டிடலாம். இல்லேன்னா பேங்க் லோன் எடுத்து டவுனிலேயே வாங்கணும். எது நல்லது?" என்று கேட்டார்.

இந்தக் கேள்வி நம் மாவட்டத்தில் எத்தனையோ குடும்பங்களில் ஓடிக்கொண்டிருக்கிறது. அதனால் அவருக்குச் சொன்னதை எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறோம்.

நிலம் ஏன் இவ்வளவு விலை?

2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி குமரி மாவட்டத்தில் சுமார் 18.7 லட்சம் மக்கள் வாழ்கிறார்கள். ஒரு சதுர கிலோமீட்டருக்குச் சராசரியாக 1,100 பேருக்கு மேல். தமிழகத்தின் சராசரி 555 தான். மாவட்டமோ சிறியது. அதிலும் கணிசமான பகுதி மலையும் காடும். மீதியில் வயல், குளம், கடற்கரை. எஞ்சிய இடத்துக்குத்தான் இத்தனை பேரும் போட்டி போடுகிறோம். அதனால்தான் மனையைச் சென்ட் கணக்கில் எண்ணி எண்ணி வாங்குகிறோம். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி.

வட்டிக் கடன் வழியாகுமா?

20 லட்சம் ரூபாயை 9 சதவீத வட்டியில் 20 வருடத்துக்குக் கடன் எடுத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 18,000 ரூபாய். முடிவில் நாம் கட்டியிருப்பது 43 லட்சத்துக்கும் மேல். வாங்கியதை விட வட்டியே அதிகம். இது உலகக் கணக்கு. மார்க்கக் கணக்கோ இதைவிடக் கடுமையானது. வட்டியை விடாதவர்களுக்கு அல்லாஹ்வும் அவனது தூதரும் போர் அறிவிப்புச் செய்வதாகக் குர்ஆன் எச்சரிக்கிறது. 1999-ல் ஐரோப்பிய ஃபத்வா கவுன்சில், மேற்கு நாடுகளில் வாழும் முஸ்லிம்களுக்குச் சில நிபந்தனைகளோடு வீட்டுக் கடனை அனுமதித்ததைச் சிலர் காட்டுகிறார்கள். அதைப் பல உலமாக்கள் அன்றே மறுத்தார்கள். வாடகைக்கு நல்ல வீடு கிடைக்கும் ஊரில் இருந்துகொண்டு நாம் நிர்ப்பந்தம் என்று சொல்வது எப்படிப் பொருந்தும்?

ஒத்திக்கு வீடு எடுப்பதிலும் கவனம் தேவை. சில லட்சத்தைக் கொடுத்து, வாடகை இல்லாமல் குடியிருந்து, பிறகு கொடுத்த பணத்தை முழுசாகத் திரும்ப வாங்குவது, கொடுத்த கடனுக்குப் பலன் அனுபவிப்பதாகவே ஆகும்.

தூரத்துக்கும் விலை உண்டு

அப்படியானால் தூரத்து மனைதான் சரியா? அவசரப்பட வேண்டாம். மனையின் விலை குறைவாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. விலையில் குறைந்ததை வேறு வகையில் மாதாமாதம் நாமே கட்டுகிறோம்.

வேலை நாகர்கோவிலில், வீடு 30 கிலோமீட்டருக்கு அப்பால் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 25 நாள் போய்வந்தால் 1,500 கிலோமீட்டர். பைக்கில் போனாலும் பெட்ரோலுக்கே மூவாயிரம் ரூபாய்க்கு மேல். ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம் என்றால் மாதத்தில் 50 மணி நேரம் சாலையில் கழிகிறது. அது பிள்ளைகளோடு உட்கார்ந்து ஓதவேண்டிய நேரம்.

ராத்திரியில் வாப்பாவுக்கு நெஞ்சுவலி வந்தால் ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு எவ்வளவு நேரத்தில் போய்ச் சேரலாம்? மக்தபுக்குப் பிள்ளைகள் நடந்து போக முடியுமா? ஜனாஸா என்றால் தோள் கொடுக்க எத்தனை பேர் வருவார்கள்?

நம்மிடம் வந்த சகோதரர் வீட்டைக் கட்டி முடித்ததும் மீண்டும் வளைகுடாவுக்குப் போகப்போகிறார். அப்படியானால் அந்த விளையில் இருக்கப்போவது அவர் அல்ல. அவர் மனைவியும் இரண்டு சின்னப் பிள்ளைகளும்தான். "அவங்ககிட்ட கேட்டீங்களா?" என்றோம். அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

பனூ ஸலமா கூட்டத்தாரின் பாடம்

மதீனாவில் பனூ ஸலமா கூட்டத்தாரின் வீடுகள் பள்ளிவாசலுக்குத் தொலைவில் இருந்தன. பள்ளிக்கு அருகில் குடிவர அவர்கள் விரும்பினார்கள். நபி (ஸல்) அவர்களோ இருக்கும் இடத்திலேயே இருக்கும்படியும், பள்ளிக்கு நடந்துவரும் காலடிகள் நன்மையாக எழுதப்படும் என்றும் சொன்னார்கள். மதீனாவின் ஓரப்பகுதி ஆளில்லாமல் போவதை நபியவர்கள் விரும்பவில்லை என்றும் புகாரியில் வருகிறது.

ஆகவே தூரத்தில் குடியிருப்பது குறையல்ல. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பனூ ஸலமாவினர் அங்கே கூட்டமாக வாழ்ந்தார்கள். அக்கம்பக்கத்தில் சொந்தமும் துணையும் இருந்தது. தூரத்தைத் தாங்கிக்கொள்ளலாம், தனிமையைத் தாங்குவதுதான் கடினம். நல்ல அண்டை வீட்டாரையும் விசாலமான வீட்டையும் மனிதனின் பாக்கியங்களில் சேர்த்து நபியவர்கள் சொன்னதை நினைத்துப் பாருங்கள். விசாலமான வீடு மட்டும் கிடைத்து அண்டை வீடு இல்லாமல் போனால் பாக்கியத்தில் பாதிதான் வந்து சேரும்.

எனவே போவதென்றால் தனியாகப் போகாதீர்கள். மச்சான், கொழுந்தன், நண்பர்கள் என நாலைந்து குடும்பங்கள் சேர்ந்து பக்கம் பக்கமாக வாங்குங்கள். அல்லது ஏற்கெனவே ஜமாஅத் இருக்கும் சிற்றூராகப் பாருங்கள். பணம் போதவில்லை என்றால் சொந்தபந்தத்தில் வட்டியில்லாக் கடன் வாங்கி எழுதிக்கொள்ளுங்கள்; குர்ஆனின் மிக நீளமான வசனமே (2:282) கடனை எழுதிவைப்பது பற்றியதுதான். மொத்த விலையை முதலிலேயே முடிவு செய்து, மனைக்காரரிடமே தவணையாகக் கட்டுவதும் கூடும்.

பத்திரம் முடிக்கும் முன்

பட்டா, வில்லங்கச் சான்று, தாய்ப்பத்திரம் மூன்றையும் பாருங்கள். 1956 நவம்பர் 1 வரை நம் பகுதி திருவிதாங்கூரோடும் பிறகு திரு-கொச்சியோடும் இருந்ததால் பழைய பத்திரங்கள் மலையாளத்தில் இருக்கலாம். படிக்கத் தெரிந்தவரிடம் காட்டாமல் முன்பணம் கொடுக்காதீர்கள். விளைக்குள் இருக்கும் மனை என்றால் வழிப்பாதை பத்திரத்தில் எழுதப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். வக்ஃபு நிலமா, மலையோரம் என்றால் வனச் சட்டத்துக்கு உட்பட்டதா, நஞ்சை என்றால் வீடு கட்ட அனுமதி உண்டா என்பதையும் விசாரியுங்கள்.

முத்திரைத் தீர்வை 7, பதிவுக் கட்டணம் 2 என 9 சதவீதம் தனியாக எடுத்துவைக்க வேண்டும். 2025 ஏப்ரல் முதல் 10 லட்சம் ரூபாய் வரையிலான சொத்தைப் பெண்கள் பெயரில் பதிந்தால் பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைகிறது. ஆனால் மனைவி பெயரில் பதியும்போது அது அன்பளிப்பா, பெயர் மட்டுமா என்பதை அன்றே தெளிவாக எழுதிவையுங்கள். நாளை வாரிசுகள் பங்கு பிரிக்கும்போது சண்டை வராது.

கடைசியாக, மனைவியை அழைத்துக்கொண்டு ஒரு மழைநாளில் அங்கே போய்ப் பாருங்கள். பாங்கு கேட்கிறதா? இருட்டிய பிறகு பஸ் உண்டா? கிணற்றில் கோடையிலும் தண்ணீர் நிற்குமா? அக்கம்பக்கத்தார் யார்?

அந்தச் சகோதரர் போகும்போது, "வீட்டுக்காரியைக் கூட்டிட்டுப் போறேன் உஸ்தாத். மச்சானும் வாங்குறதா இருந்தா பார்க்கிறேன்" என்றார். அதுவரை கோட்டாற்று வாடகை வீடே போதும் என்று சொல்லி அனுப்பினோம். வாடகை வீட்டில் இருப்பது மார்க்கத்தில் இழிவல்ல.

வட்டியின் நிழல் படாத, நல்ல அண்டை வீட்டாரோடு கூடிய, பரக்கத் நிறைந்த இல்லங்களை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.