பக்கவாத்தியம் வாசிக்கும் பெட்டி

மதுரைக்கு அருகிலுள்ள வாடிப்பட்டி மேளத்திற்குப் பெயர்பெற்ற ஊர். திருவிழாவில் தப்புக் கலைஞர்கள் அடிக்கத் தொடங்குமுன், தப்பின் முகத்தை நெருப்பின் அனலில் காட்டுவதை நீங்கள் பார்த்திருக்கலாம். தோலிலுள்ள ஈரம் வற்றுகிறது, தோல் இறுகுகிறது, இழுவிசை கூடவே அதிர்வெண்ணும் கூடுகிறது. இரவுப் பனியில் தோல் தளர்ந்தால் மீண்டும் அனல் காட்டுவார்கள். கருவி தவறினாலும் கலைஞர் திருத்திக்கொள்கிறார்.

இன்று பல மேடைகளில் பாடகருக்குத் துணை வருவது கலைஞரல்ல, முன்பே பதிவு செய்த இசை. 'கரோக்கி' எனப்படும் இம்முறைக்கான தொடக்ககாலப் பெட்டிகளுள் ஒன்றை 1971-இல் ஜப்பானின் கோபே நகரில் டைசுகே இனொவே அமைத்தார். இந்த இசை தானாகத் திருந்தாது. ஆகவே அதை ஒலிக்கும் கருவியைத் தேர்ந்தெடுப்பதில் கவனம் வேண்டும்.

சென்ற ஆண்டு எங்கள் பக்கத்துத் திருவிழா மேடை ஒன்றில் என் மாணவி ஒருத்தி கைப்பேசியிலிருந்த இசையை ஒலிக்கவிட்டுப் பாடினாள். மூன்று மாதப் பயிற்சி. ஆனால் ஒலிபெருக்கியில் தாளத்தையும் அடிநாதத்தையும் காணோம். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஏதோ கேட்டது. சரணத்தில் சுருதி விலகியது, கூட்டம் சிரித்தது. மறுநாள் அவள், "என் குரல்தான் சரியில்லையா, சார்?" என்று கேட்டாள். குரல் சரியாகத்தான் இருந்தது. பின் பிழை எங்கே?

சுருதி நிலைக்க வேண்டும்

முதலில் கருவியின் வேகத்தைப் பார்ப்போம். கேசட்டில் நாடா விநாடிக்கு 4.76 செ.மீ. வேகத்தில் ஓட வேண்டும். ரப்பர் பட்டை தளர்ந்து வேகம் 1 சதவீதம் குறைந்தாலும், 440 ஹெர்ட்ஸ் ஒலி 435.6 ஹெர்ட்ஸ் ஆகிவிடும். பக்கத்தில் ஆர்மோனியம் 440-இல் ஒலித்தால், விநாடிக்கு நான்குக்கு மேற்பட்ட விம்மல்கள் கேட்கும். வேகம் சுமார் 6 சதவீதம் குறைந்தால் சுருதி அரைக்கட்டை இறங்கிவிடும்.

கைப்பேசியிலும் கணினியிலும் வேகத்தைக் காப்பது குவார்ட்ஸ் படிகம். அதன் பிழை பொதுவாகப் பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் குறைவு. எனினும் ஓர் எச்சரிக்கை: விநாடிக்கு 44,100 மாதிரிகளாகப் பதிந்த இசையை, அமைப்பு தவறி, 48,000 என்ற வேகத்தில் ஓட்டினால் சுருதி ஏறக்குறைய முக்கால் கட்டை ஏறும், ஐந்து நிமிடப் பாட்டு 24 விநாடி முன்னதாகவே முடிந்துவிடும்.

கழித்தல் கணக்கு

என் மாணவியின் இசையில் சுருதி மாறவில்லை. பிழை கம்பியில் இருந்தது.

கைப்பேசியின் செருகியில் இடம், வலம் என இரு ஒலிகள் வருகின்றன. மிக்சரின் சில துளைகளோ மைக்கிற்கு ஏற்றவை. இரு கம்பிகளுக்கும் இடையிலுள்ள வேறுபாட்டை மட்டுமே பெருக்கும். வழியில் இரு கம்பிகளிலும் ஒன்றுபோல் ஏறும் இரைச்சலை நீக்கவே இந்த ஏற்பாடு. கைப்பேசியை அதில் நேராகச் செருகினால் என்ன ஆகும்? இடத்திலிருந்து வலம் கழிக்கப்படும்! இரண்டிலும் சமமாக உள்ள தாளம், அடிநாதம், முதன்மை மெட்டு யாவும் பூச்சியமாகிவிடும். எஞ்சுவது ஓரத்து ஒலிகளும் எதிரொலியும்தான்.

வேடிக்கை என்னவெனில், பழைய கரோக்கிப் பெட்டிகள் சில பாட்டிலிருந்து பாடகர் குரலை நீக்கியதும் இதே கழித்தலால்தான். அங்கே வேண்டிச் செய்த கணக்கு, இங்கே வேண்டாமலே நடந்துவிட்டது.

காலம் தவறக் கூடாது

ஒலி விநாடிக்குச் சுமார் 340 மீட்டர் செல்கிறது. ஒலிபெருக்கி 17 மீட்டர் தள்ளியிருந்தால், இசை பாடகரை எட்ட விநாடியில் இருபதில் ஒரு பங்கு தாமதமாகும். புளூடூத் வழியாக அனுப்பினால், விநாடியில் பத்தில் ஒரு பங்கோ அதற்கு மேலோ தாமதமாகிவிடுவதுண்டு. நிமிடத்திற்கு 120 தட்டு உள்ள பாட்டில் ஒரு தட்டுக்கு அரை விநாடிதானே! பாடகர் புளூடூத் காதணியிலும், மக்கள் கம்பி வழியாகவும் ஒரே இசையைக் கேட்டால் தாளம் பிசகாமல் என்ன செய்யும்?

எதைத் தேர்ந்தெடுப்பது?

விலையுயர்ந்த கருவி வேண்டியதில்லை. கம்பி இணைப்புள்ள எந்தக் கைப்பேசியும் கணினியும் போதும். இரண்டாகப் பிரியும் கம்பியால் இடத்தையும் வலத்தையும் மிக்சரின் இரு தனித்துளைகளில் செருகுங்கள். நடுவில் அழைப்பு வந்து மணி அடிக்காதபடி கைப்பேசியை விமானப் பயண நிலையில் வையுங்கள். பாடகரை நோக்கி மேடையிலேயே ஒரு சிறு ஒலிபெருக்கி இருக்கட்டும். மின்சாரம் போனால் ஒலிபெருக்கி நிற்கும். பேட்டரியுள்ள கைப்பேசியோ பாடிக்கொண்டே போகும். ஜெனரேட்டர் ஓடத் தொடங்கும்போது பாட்டு அடுத்த சரணத்தில் இருக்கும்! எனவே உடனே நிறுத்த ஒருவர் அருகில் அமர்வது நல்லது.

எல்லாவற்றுக்கும் மேலாக, கூட்டம் சேருமுன் ஒரு முறை ஒலிக்கவிட்டு, மேடையிலும் எதிரிலும் நின்று கேளுங்கள். தப்புக் கலைஞர் அனலருகே செய்வது இதைத்தான்.

இவ்வாண்டு அதே மேடையில் அந்த மாணவி மீண்டும் பாடினாள். கம்பியை அவளே செருகினாள்.