தரங்கைக் கடலோரத்தில் திறந்த கதவு

என் தந்தை கொத்தனார். கூத்தாநல்லூரில் அவருடைய கரணை படாத தெரு குறைவு. புதுவீடு திறக்கும் நாளில் அவருக்கு வேட்டி, துண்டு வைத்துக் கொடுப்பார்கள். வாங்கிக்கொண்டு வந்து, "கட்டுற வரைக்கும் நாம உள்ளே, திறந்த பிறகு வாசல்ல" என்று சிரிப்பார். எங்கள் குடும்பத்தில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். ஆகவே அந்தச் சிரிப்பின் பொருள் எனக்குச் சற்றுத் தாமதமாகத்தான் விளங்கியது.

சென்ற ஆண்டு வகுப்புத் தோழர்களுடன் தரங்கம்பாடி சென்றேன். அங்கே ராஜவீதியில் நிற்கும் புதிய எருசலேம் ஆலயத்தின் முகப்பில், டென்மார்க் மன்னரின் கிரீட முத்திரையும் 1718 என்ற ஆண்டும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்த ஆலயத்தின் திறப்பு விழாக் கதையைத்தான் இங்கே சொல்ல விழைகிறேன்.

1620-இல் தஞ்சை இரகுநாத நாயக்கரிடம் இசைவு பெற்று டேனிஷ்காரர்கள் அங்கே வணிகம் தொடங்கினர், கோட்டையும் கட்டினர். 1701-இல் தமக்கென சீயோன் ஆலயத்தை எழுப்பினர். அங்கே வழிபாடு அவர்கள் மொழியில். தமிழருக்கு அதில் என்ன விளங்கும்?

1706 ஜூலை 9-ஆம் நாள் சீகன்பால்கு, புளூட்சோ என்ற இரு ஜெர்மானியர் வந்து இறங்கினர். இருபத்து நான்கு வயது நிறையும் தறுவாயில் இருந்த சீகன்பால்கு, என்னைவிட நான்கு வயதே மூத்தவர்! திண்ணைப் பள்ளிப் பிள்ளைகளோடு அமர்ந்து, மணலில் விரல்வைத்து 'அ', 'ஆ' எழுதிப் பழகினார். மறுஆண்டு மே 12-இல் ஐவர் திருமுழுக்குப் பெற்றனர். அவர்கள் ஐரோப்பியர் வீடுகளில் அடிமைகளாக ஊழியம் செய்தவர்கள். எசமானரின் ஆலயத்தில் அவர்களுக்கு உரிய இடம் எது?

இந்தக் கேள்விக்கு விடையாகக் கடலருகே எழுந்தது ஒரு சிற்றாலயம். 1707 ஆகஸ்ட் 14-இல் அது திறக்கப்பட்டது. கிறித்தவர் மட்டுமா வந்தனர்? இந்துக்களும் இசுலாமியரும் கூடினர். தமிழிலும், அந்நாளில் கடற்கரையில் வழங்கிய போர்ச்சுக்கீசியத்திலும் சொற்பொழிவு நடந்தது. மூன்று சமயத்தாரும் தோளுரசி வாழும் ஊரில் பிறந்த எனக்கு, அந்தக் கூட்டத்தைக் கற்பனை செய்வது கடினமாக இல்லை.

நாளடைவில் அச்சிற்றாலயம் போதாமற் போயிற்று. 1717 பிப்ரவரியில் புதிய ஆலயத்துக்கு அடிக்கல் நாட்டி, சிலுவை வடிவில் கட்டி, 1718 அக்டோபர் 11-இல் திறந்தனர். ஐந்து மாதம் நிறையுமுன் சீகன்பால்கு மறைந்தார், வயது முப்பத்தாறு. அவர் உடல் அந்த ஆலயத்தினுள்ளேயே அடங்கியிருக்கிறது. 1715-இல் தமிழில் புதிய ஏற்பாட்டை அச்சேற்றியவரும் அவரே. 1578-இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சானபின், தமிழ் அச்சுக்கலை வரலாற்றில் அது ஒரு மைல்கல்.

இத்துடன் முடித்தால் கட்டுரை இனிக்கும்; ஆனால் உண்மை அதுவன்று. கதவு திறந்தது, மனம் திறந்ததா? அத்திருச்சபையில் இராஜநாயக்கன் என்றொரு உபதேசியார் இருந்தார். தஞ்சைப் படையில் பணிபுரிந்தவர். தாழ்த்தப்பட்ட குலத்தில் பிறந்தவர். 1733-இல் ஆரோன் என்ற தமிழர் குருவாக்கப்பட்டார். 1741-இல் அடுத்தவரைத் தேர்ந்தபோது, இராஜநாயக்கன் பெயரும் எண்ணப்பட்டது. அவர் கையால் திருவிருந்து வாங்க மற்றச் சாதியார் தயங்குவர் என்று கருதி, வேறொருவரைத் தேர்ந்தனர். ஆலயத்துள் இருக்கைகளும் சாதிவாரியாகப் பிரிந்தே கிடந்தன. 1833-இல் பிஷப் டேனியல் வில்சன், சபையில் சாதி கூடாதென ஆணையிட்டபோது, தஞ்சையில் எழுந்த எதிர்ப்பு சிறிதன்று.

கல்லும் சுண்ணாம்பும் சேர்ந்தால் சுவர் எழும். மனிதர் சேர ஒரு திறப்பு விழா போதாது என்பதே தரங்கம்பாடி எனக்குக் கற்பித்த பாடம்.

திரும்பி வந்து தந்தையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். நெடுநேரம் கேட்டிருந்துவிட்டு, "சுவர் பூசுன கொத்தனாரு பேரு எங்கேயாவது போட்டிருக்கா தம்பி?" என்றார்.

நான் அங்கே தேடிப் பார்க்கவில்லை. அடுத்தமுறை அவரையும் அழைத்துச் செல்வேன். இருவரும் உள்ளே போய் அமர்வோம்.